நாலு பக்கமும் சரி, மனையில் மட்டும் 80 சதுரடி காணோம்

செங்கல்பட்டு பக்கம் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன தை மாதம் ஒரு கிரவுண்டு வாங்கினோம். சதுரடி 1800 ரூபாய், மொத்தம் 43,20,000. பத்திரத்தில் இப்படி இருக்கிறது: "கிழமேல் வடபுறம் 58 அடி, தென்புறம் 62 அடி, தென்வடல் கிழபுறம் 42 அடி, மேல்புறம் 38 அடி, ஆக 2400 சதுரடி."

கிரயத்துக்கு முன்பு தரகர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து நான்கு பக்கமும் அளந்து காட்டினார். அங்குலம் பிசகவில்லை. பிறகு செல்போனில் தட்டினார். 58, 62 கூட்டிப் பாதி 60. 42, 38 கூட்டிப் பாதி 40. பெருக்கினால் 2400. "கரெக்டா ஒரு கிரவுண்டு சார்" என்றார், நானும் தலையாட்டினேன். ஏமாந்தது அங்கேதான். டேப்பில் ஒரு தப்பும் இல்லை, கணக்கில்தான் கோளாறு.

அஸ்திவாரத்துக்கு மார்க் போட வந்த மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும், அப்போதுதான் மூலைமட்டம் சரி. எங்கள் தென்மேற்கு மூலையில் ஐந்தரை வந்தது. டேப்பை மூலைக்கு மூலை இழுத்தார். ஒரு குறுக்கு 80 அடி, இன்னொன்று 63.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் காலித் தீப்பெட்டியின் மேல்கூட்டை எடுத்து இரண்டு விரலால் லேசாகச் சாய்த்தார். நான்கு பக்கமும் அதே நீளம்தான், உள்ளே இருக்கும் இடம் மட்டும் ஒடுங்கிக்கொண்டே போனது. முழுக்கச் சாய்த்ததும் ஒன்றுமே இல்லை. "உங்க மனை இப்படித்தான் கொஞ்சம் சாஞ்சிருக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாவது படிக்கும் மகள் நோட்டை எடுத்தாள். மூன்று பக்க நீளங்களை வைத்தே முக்கோணத்தின் பரப்பைச் சொல்லும் ஹெரான் சூத்திரம் அவள் பாடத்தில் இருக்கிறது. 80 அடிக் குறுக்கால் மனையை இரண்டு முக்கோணமாக்கினாள். முதல் முக்கோணம் 58, 42, 80. கூட்டிப் பாதி 90. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 32, 48, 10. 90, 32, 48, 10 நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1175.8. அடுத்தது 62, 38, 80; அது 1144.7. இரண்டும் சேர்ந்து 2320 சதுரடி, கொஞ்சம் மேலே. ஏறக்குறைய 80 சதுரடி போய்விட்டது, எட்டுக்குப் பத்து அறை ஒன்று. பணமாக ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம். பத்திரச் செலவும் 2400-க்கே கட்டியிருக்கிறோம்.

இன்னொன்றையும் அவளே சொன்னாள். இந்த நான்கு நீளங்களை எப்படி மாற்றி வளைத்து வைத்தாலும் 2395.7-க்கு மேல் வரவே வராது. அதாவது பத்திரத்தில் இருக்கும் அளவுகளே பத்திரத்தில் இருக்கும் பரப்பைப் பொய்யாக்குகின்றன. எதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் இந்தக் கணக்கு நீள்சதுரத்துக்கு மட்டுமே சரி. மற்ற நாற்கரங்களுக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. விற்பவர்களுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று புரிகிறதல்லவா? கி.பி. 628-இலேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதைத் தோராயக் கணக்கு என்று தனியாகப் பிரித்து எழுதிவிட்டார். நமக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே டேப் பிடிக்கப் போகிறவர்கள் ஐந்தாவதாக ஒரு குறுக்கையும் அளந்துவிடுங்கள். நான்கு பக்கமும் ஒரு குறுக்கும் இருந்தால் பரப்பு வந்துவிடும். ஆறாவதாக மற்றக் குறுக்கையும் அளந்தால் முதல் ஐந்தில் தப்பு இருக்கிறதா என்று தெரியும். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு குறுக்கும் சமமாக இருந்தால் மட்டும் நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். புலப்படத்தையும் (அரசு நில அளவை வரைபடம்) வாங்கிப் பாருங்கள், அதிலும் நிலத்தை முக்கோணமாகப் பிரிக்கும் கோடுகள்தான் இருக்கும்.

தரகருக்குப் போன் செய்தேன். "நாலு பக்கமும் உங்க முன்னாடிதானே சார் அளந்தேன்?" என்றார். பொய் இல்லை. விற்றவர் இப்போது போனே எடுப்பதில்லை. வக்கீலிடம் பத்திர நகலைக் கொடுத்திருக்கிறோம். வீட்டை நீள்சதுரமாகவே போடச் சொல்லிவிட்டேன். வடமேற்கில் மிஞ்சும் கூரான துண்டில் மாமியார் முருங்கைக் குச்சி நட்டிருக்கிறார்.