9 சென்டிமீட்டர் தழும்பும் 4 சிலிகோன் ஷீட்டுகளும்

காறை எலும்பு முறிந்து தகடு வைத்ததில் எனக்கு மிஞ்சியது 9 சென்டிமீட்டர் தழும்பு. எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. தழும்புதான் அடங்கவில்லை. ஆறாவது வாரத்தில் சிவந்து, தடித்து, கயிறு ஒட்டியதுபோல் புடைத்து நின்றது. மார்பிலும் தோளிலும் தழும்பு இப்படித் தடிப்பது சகஜம்தான் என்று சொன்ன மருத்துவர், சிலிகோன் ஷீட் போடச் சொன்னார்.

பெட்டியைப் பிரித்ததும் ஏமாற்றம்தான். கைபேசி உறையில் மெல்லிசாக ஒரு துண்டு நறுக்கியதுபோல் இருந்தது. அதில் மருந்து எதுவும் கிடையாது. தழும்பிலிருந்து ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். மேல்தோல் காயாமல் இருந்தால் அடியில் கொலாஜன் என்ற தழும்பைத் தடிக்க வைக்கும் புரதத்தை அள்ளிக் கொட்டும் செல்கள் கொஞ்சம் நிதானப்படும் என்பது கணக்கு. தீக்காயத் தழும்புகளுக்கு 1980களிலிருந்தே இதைப் போடுகிறார்கள்.

தினமும் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதமாவது போட வேண்டும். நான் முதல் நாளே 22 மணி நேரம் போட்டேன். நான்காம் நாள் வேர்க்குருபோல் பொரிந்து, அரித்து எடுத்துவிட்டது. இரண்டு நாள் கழற்றி வைத்தேன். அப்புறம் 4 மணி நேரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினேன், தொந்தரவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். யார் படித்தது?

தினமும் வாசனையில்லாத சோப்பில் கழுவிக் காற்றில் உலர்த்த வேண்டும். துண்டால் துடைத்தால் போச்சு, பஞ்செல்லாம் அதில் ஏறிவிடும், பசை போய்விடும். வெட்டும்போது மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலைதான் சட்டையில் உரசி முதலில் பெயரும். ஒருநாள் காலையில் தோளில் ஷீட்டைக் காணோம். தலையணை, போர்வை எல்லாம் உதறியாயிற்று. கடைசியில் பார்த்தால் என் கணவரின் குதிகாலில் ஒட்டிக்கொண்டு அடுப்படிவரை போயிருந்தது. இத்தனைக்கும் ஒரு ஷீட் எனக்கு 3 வாரம் உழைத்தது.

பலன்? மூன்றாவது வாரத்தில் அரிப்பும் சுரீர் சுரீரென்ற இழுப்பும் குறைந்தன. மூன்று மாத முடிவில் தழும்பு ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. பை வார் உரசும் தோள் முனையில் ஷீட் நிற்கவே இல்லை. அங்கே 2 சென்டிமீட்டர் இன்னும் மேடுதான். ஷீட் வேலை செய்கிறது என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்ட ஆசை. ஆனால் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுபடுகிற இடமும் அதுதான். தழும்பு தானாகவும் ஓராண்டுக்கு மேல் மெல்ல அடங்கிக்கொண்டே வரும். ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பும் 2013இல் இதற்கான ஆதாரம் பலவீனமானது என்றே சொன்னது. அதனால் முழுப் புகழையும் ஷீட்டுக்கே தர மனம் வரவில்லை. 5க்கு மூன்றரை.

தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, காயம் முழுக்க மூடிய பிறகே போடுங்கள். தழும்பு தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவினால் அது கெலாய்டாக இருக்கலாம். அதற்கு ஷீட்டை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நேற்று ஐந்தாவது ஷீட்டைப் பிரித்தேன். இந்த முறை தோள் முனையையும் தாண்டும் நீளத்தில் வெட்டியிருக்கிறேன். பையை மறு தோளுக்கு மாற்றியாயிற்று.