ஹப்புக்கு எந்த கிரீஸ்: லித்தியமா, மரைனா?

டிசம்பர் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் பழைய செய்தித்தாளை விரித்து, என் சைக்கிளின் முன்சக்கர ஹப்பையும் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் பகுதி) மச்சான் சைக்கிளின் ஹப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். இரண்டுமே அச்சில் திருகும் கோனுக்கும் ஹப்பிலுள்ள கிண்ணம்போன்ற கப்புக்கும் நடுவே தனிக் குண்டுகள் ஓடும் சாதாரண ஹப்தான். இருவரும் பெடோக்கிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாகத்தான் ஓட்டுகிறோம். அவருடையதில் எங்கும் கிடைக்கும் லித்தியம் கிரீஸ். என்னுடையதில் படகுக்காரர்கள் வாங்கும் மரைன் கிரீஸ்.

அவர் ஹப்பில் கோனைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. கிரீஸ் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இளகிக் கிடந்தது. தண்ணீர் உள்ளே போய்க் கலந்திருக்கிறது. துணியில் துடைத்தால் குண்டுகளில் பளபளப்பு இல்லை. கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குண்டு ஓடும் தடத்தில் ஊசி குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாகக் குழி. என் ஹப்பில் கிரீஸ் சற்றுக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் தண்ணீர் துளித்துளியாக ஒட்டியிருந்தது, உள்ளே இறங்கவில்லை.

இதை வைத்து லித்தியம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். விலை குறைவு, சுமை தாங்கும், 180 டிகிரி வாக்கில்தான் உருகும். சைக்கிள் ஹப் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் நம் ஊரில் ஹப்புக்கு எதிரி சூடு இல்லை, தண்ணீர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. மரைன் கிரீஸ், அதிலும் கால்சியம் சல்ஃபோனேட் வகை, தண்ணீர் பட்டாலும் எளிதில் இளகாது, துருவையும் தடுக்கும். மழையில் ஓட்டுகிறவருக்கு என் ஓட்டு அதற்குத்தான். லித்தியமே போதும் என்றால் வருடம் ஒருமுறை, நவம்பருக்கு முன்னால், பிரித்துத் துடைத்துப் புதிதாக வையுங்கள். எதை வைத்தாலும் பழையதை முழுசாக வழித்துவிடுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் நீர்த்துப்போகும்.

எண்ணெய்? சக்கரம் லேசாகச் சுழலும், ஆனால் தங்காது. கசிந்து டிஸ்க் பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பேரிங்குக்கு வேண்டாம்.

ஆனால் பின்சக்கர ஃப்ரீஹப்பில், அதாவது மிதித்தால் சக்கரத்தைப் பிடித்து, மிதிக்காதபோது விட்டுவிடும் பகுதியில், கதை தலைகீழ். அதற்குள் அப்படிப் பிடிப்பதற்காகக் குட்டி ஸ்பிரிங்கில் எழும்பும் கொக்கிகள் இருக்கின்றன. கெட்டி கிரீஸை அங்கே அப்பினால் கொக்கி ஒட்டிக்கொண்டு எழும்பாது. நான் ஒருமுறை மரைன் கிரீஸையே அதிலும் அப்பிவிட்டு, சாங்கி கோஸ்டல் ரோட்டில் எழுந்து மிதித்தபோது பெடல் வெறுமனே சுற்றியது. கைப்பிடியில் மார்பு இடித்தது. பின்னால் லாரி வராதது அதிர்ஷ்டம். கொக்கிக்குச் சன்னமான எண்ணெய், இல்லையென்றால் அதற்கென்றே வரும் இளகிய கிரீஸ் மெல்லிய பூச்சாக. டிடி ஸ்விஸ்போலக் கொக்கிக்குப் பதில் பல்சக்கரம் வைத்த ஹப் என்றால் அந்த நிறுவனம் சொல்லும் கிரீஸே சரி.

பிரித்த கையோடு குண்டுகளையும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. ஷிமானோவில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம். கோன் தேய்ந்தால் மாற்றலாம். கப் ஹப்போடு சேர்ந்தது, அதில் குழி விழுந்தால் ஹப்பே போச்சு. லீவரை மடக்கிப் பூட்டும் குவிக் ரிலீஸ் சக்கரம் என்றால் கோனை இறுக்கும்போது கடுகளவு ஆட்டம் விடுங்கள். லீவரை மடக்கியதும் அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறைந்துவிடும்.

மச்சான் ஹப்பில் கப் நல்லவேளையாகத் தப்பித்திருந்தது. புதுக் கோன், பக்கத்துக்கு 10 புதுக் குண்டு, இந்த முறை மரைன் கிரீஸ். சக்கரத்தை மாட்டிச் சுழற்றிவிட்டேன்; டியூப் வால்வு கீழே வரும்வரை ஊசலாடி, சத்தமில்லாமல் நின்றது.