தோற்றாலும் கதை நகரும்: 'நோ மெர்சி' ஆடிப் பார்த்த அனுபவம்

ரெஸ்லிங் கேம் என்றாலே நம்மில் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது பிஎஸ்2-வில் ஆடிய ஸ்மாக்டவுன்தான், அதிலும் 2003-இல் வந்த 'ஹியர் கம்ஸ் தி பெயின்'. எனக்கும் அப்படித்தான். அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த 'டபிள்யூடபிள்யூஎஃப் நோ மெர்சி'யைப் (டபிள்யூடபிள்யூஎஃப் என்பது இன்றைய டபிள்யூடபிள்யூஇ-யின் பழைய பெயர்) பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால், சின்ன வயதில் ஆடிய கேம், அந்தப் பாசத்தில் பேசுகிறார்கள் என்று நினைத்துக் கடந்துவிடுவேன். மூன்று மாதத்துக்கு முன் அமெரிக்கப் பதிப்பின் பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றும் கன்சோல் ஒன்றும் கைக்கு வந்தன. சின்ன வயதில் இதைத் தொட்டதே இல்லை என்பதால் எனக்கு எந்தப் பழைய பாசமும் கிடையாது. ஆடிவிட்டுச் சொல்கிறேன், நான் ஆடிய ரெஸ்லிங் கேம்களிலேயே இதுதான் சிறந்தது, இரண்டாவது இடத்தில் இருப்பது இதற்கு வெகுதூரம் பின்னால்தான் நிற்கிறது.

முதலில் கையில் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ 64 கண்ட்ரோலருக்கு மூன்று கொம்பு. இந்த கேமில் ஆளை நடத்துவது இடது பக்கமிருக்கும் பிளஸ் வடிவ பட்டன், அதனால் இரண்டு ஓரக் கொம்புகளையும் பிடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும், நடுவில் இருக்கும் ஸ்டிக் சும்மா கிடக்கும். ஏ பட்டனை லேசாகத் தட்டினால் சாதாரணப் பிடி, அழுத்திப் பிடித்தால் பலமான பிடி. பிடித்தபிறகு எந்தத் திசையோடு எந்த பட்டனை அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்து மூவ் மாறும். அவ்வளவுதான் பாடம், பத்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும். ஆனால் அந்தப் பலமான பிடி விழுவதற்கு ஒரு நொடி தாமதம் இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு நொடியில்தான் மொத்த விளையாட்டும். ஆரம்பத்திலேயே பெரிய மூவுக்குப் போனால் எதிராளி அதை முறியடித்து நம்மையே தூக்கிப் போட்டுவிடுவான். டிவியில் பார்க்கும் மேட்ச் மாதிரியே முதலில் சின்னச் சின்ன அடி, கையை முறுக்குவது, தலையைப் பிடித்து இழுப்பது, அப்புறம்தான் பெரியது.

எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்க்கோடு என்று ஒன்று திரையில் கிடையாது. உற்சாகத்தைக் காட்டும் ஒரு கோடு மட்டும் உண்டு. நன்றாக ஆடினால் ஏறும், அடி வாங்கினால் இறங்கும், உச்சிக்குப் போனால் 'ஸ்பெஷல்' என்று மின்னும். அப்போது எதிராளியைப் பலமாகப் பிடித்து, அதுவரை சும்மா கிடந்த நடு ஸ்டிக்கைத் தட்டினால் ஃபினிஷர், எதிராளியை முடித்துவிடும் அந்த வீரனின் பெரிய மூவ். அதாவது ராக் பாட்டமோ ஸ்டன்னரோ போட வேண்டும் என்றால் கையைக் கொம்பிலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுபவர் உங்கள் கை நகர்வதைப் பார்த்துவிடுவார், "ஐயோ, போடப் போறான்" என்று அலறுவார். இந்தப் பதற்றம் எமுலேட்டரில் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வேறு கண்ட்ரோலர் வைத்து ஆடும்போது வரவே இல்லை.

சரி, இந்தக் கேமை எடுத்தவர்கள் யார் என்று தேடினால் ரசிகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு நீண்ட கதை இருக்கிறது. அட்டையில் பெரிதாக இருப்பது டிஎச்க்யூ என்ற வெளியீட்டாளர் பெயர், ஆனால் உள்ளே இருந்து கேமை இயக்கும் எஞ்சின் ஏகேஐ என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. அவர்கள் ஜப்பானில் 'வர்ச்சுவல் ப்ரோ ரெஸ்லிங்' என்ற வரிசையை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான் அமெரிக்காவுக்காக, டபிள்யூடபிள்யூஎஃப்பின் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் வீரர்களை வைத்து 1997-இல் 'டபிள்யூசிடபிள்யூ வெர்சஸ் என்டபிள்யூஓ: வேர்ல்ட் டூர்', 1998-இல் 'ரிவெஞ்ச்' எல்லாம் வந்தன. பிறகு டபிள்யூசிடபிள்யூ உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பக்கம் போய்விட்டது, அதுவரை அக்லெய்மிடம் இருந்த டபிள்யூடபிள்யூஎஃப் உரிமம் டிஎச்க்யூவுக்கு வந்தது. கேமை உருவாக்கும் கைகள் அதே கைகள்தான், கம்பெனி மட்டும் எதிரிக் கம்பெனி! 1999-இல் 'ரெஸ்ல்மேனியா 2000', அதற்கடுத்த வருடம் நவம்பரில் நோ மெர்சி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி எட்டி கெரேரோ, டீன் மலென்கோ, பெரி சாட்டர்ன் மூவரும். 'ரிவெஞ்ச்' கேமில் இவர்கள் டபிள்யூசிடபிள்யூ வீரர்கள். 2000 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறி டபிள்யூடபிள்யூஎஃப்புக்கு வந்தார்கள், அதனால் நோ மெர்சியிலும் இருக்கிறார்கள். நிஜத்தில் வீரர்கள் கம்பெனி தாவினார்கள், அவர்களை கேமுக்குள் உருவாக்கியவர்களோ அதற்கு முன்பே அதே திசையில் தாவியிருந்தார்கள். எட்டியை எடுத்து ஆடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

நோ மெர்சிக்கும் ரெஸ்ல்மேனியா 2000-க்கும் நடுவில் இன்னொரு கேம் இருக்கிறது, பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். 2000 ஜனவரியில் ஜப்பானில் மட்டும் வந்த 'வர்ச்சுவல் ப்ரோ ரெஸ்லிங் 2'. அதில் இருப்பது ஆல் ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங் வீரர்கள். ரெஸ்லிங்கில் இருந்து விலகி நிஜச் சண்டை பாணியில் மோதும் முறைகூட அதில் உண்டு. நோ மெர்சி நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அடுத்து அதைத் தேடுங்கள், மெனு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் மோதல் அதே மோதல்தான், கைக்கு உடனே பழகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், நான் இந்தக் கேமைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். இதில் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு கதை. டபிள்யூடபிள்யூஎஃப் பட்டம், டேக் டீம், இன்டர்காண்டினென்டல், யூரோப்பியன், ஹார்ட்கோர் என்று போகும். 1999-2000 காலத்தில் டிவியில் ஓடிய சண்டை சச்சரவுகளை அடிப்படையாக வைத்துக் கட்டிய கதைகள். மற்ற கேம்களில் மேட்ச் தோற்றால் 'மறுபடி முயற்சி செய்' என்று வரும், இல்லையா? இங்கே வராது. தோற்றால் கதை வேறு பாதையில் திரும்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான், பத்து வயது. எட்டியை எடுத்து இன்டர்காண்டினென்டல் கதையை ஆடினான். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான், கடைசியில் அவசரப்பட்டுப் பெரிய மூவுக்குப் போனான், எதிராளி முறியடித்துத் தூக்கிப் போட்டு, தோளைத் தரையோடு அழுத்தி 'பின்' செய்துவிட்டான். ரெஃபரி மூன்று எண்ணிவிட்டார். இவன் முகம் சுண்டிப்போய், "மாமா, தோத்துட்டேன். ஆஃப் பண்ணிட்டு முதல்ல இருந்து ஆடவா?" என்று கேட்டுக்கொண்டே கன்சோல் பக்கம் கையை நீட்டினான். "கொஞ்சம் பொறுடா, என்ன வருதுன்னு பாரு" என்றேன். அடுத்த காட்சி வந்தது, அவன் ஜெயித்திருந்தால் வந்திருக்காத காட்சி, அடுத்த மோதலும் வேறு. அவன் எழுந்து நின்றே விட்டான். "அப்போ தோத்தா தப்பு இல்லையா மாமா?" என்றான். அன்றைக்கு முழுக்க அதே கதையைத்தான் ஆடினோம்.

ஒவ்வொரு பட்டத்தின் கதையிலும் எத்தனை சதவீதம் பார்த்திருக்கிறோம் என்று கேம் காட்டுகிறது. நூறு வேண்டும் என்றால் சில மேட்ச்களை வேண்டுமென்றே தோற்றாக வேண்டும், எல்லாவற்றையும் ஜெயித்தால் பாதிக் கதை கண்ணிலேயே படாது. ரெஸ்லிங் என்பது முடிவு முன்பே எழுதப்பட்ட நாடகம், அதில் தோற்பவனுக்கும் அடுத்த வாரம் கதை உண்டு. இதைப் புரிந்துகொண்டு எடுத்த கேம் இது. பிறகு வந்த பெரிய பட்ஜெட் கேம்கள் பலவற்றில் வீரன் முகத்தில் வியர்வைத் துளி வரைக்கும் தெரிகிறது, ஆனால் திரைக்கதைப்படி ஜெயிக்க வேண்டிய மேட்ச்சைத் தோற்றால் திரும்ப அதே மேட்ச்தான்.

ஜெயிக்கும் பணத்தை 'ஸ்மாக்டவுன் மால்' என்ற கடையில் செலவழிக்கலாம். ஆடை, மூவ், ஆயுதம், அப்புறம் மறைத்து வைத்திருக்கும் வீரர்கள். ஆண்ட்ரே தி ஜயண்ட் அங்கேதான் இருக்கிறார். சின்ன வயதில் டிரம்ப் கார்டில் உயரமும் எடையும் சொல்லி ஆடியவர்களுக்கு அவரை விலை கொடுத்து வாங்கும் அந்த நிமிடம் தனி சந்தோஷம். 1998-லேயே ஓய்வு பெற்றுவிட்டார் என்று எல்லோரும் நினைத்த ஷான் மைக்கேல்ஸும் அங்கே கிடைப்பார். பணம் போதவில்லை என்றால் சர்வைவல் முறைக்குப் போய், நாம் தோற்கும்வரை ஒருவர் பின் ஒருவராக வருபவர்களைத் தூக்கி எறிந்து சம்பாதிக்கலாம்.

யாரைத் தேடினாலும் கிடைக்காத ஒருவர் பிக் ஷோ. அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆள், ஆனால் வீரர் பட்டியலில் இல்லை. 2000-இல் உடம்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி அவரை கென்டக்கியிலிருந்த ஓஹியோ வேலி ரெஸ்லிங் என்ற பயிற்சிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள், டிவியில் ஆள் இல்லாததால் கேமிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆளை முழுசாகத் துடைக்கவில்லை. சொந்தமாக வீரனை உருவாக்கும் பகுதிக்குப் போனால் அவருடைய உடையும் மூவ்களும் அங்கேயே இருக்கின்றன. ஒரு ராத்திரி உட்கார்ந்து, உயரத்தையும் எடையையும் ஏற்றி, அவரைத் திரும்பக் கட்டி எடுத்தேன். நிஜ பிக் ஷோ 2001 ஜனவரியில் ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில்தான் திரும்பி வந்தார்.

குறைகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 32 மெகாபைட்தான், அதே மாதம் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'ஸ்மாக்டவுன் 2' சிடியில் வந்தது. அந்த வித்தியாசம் வீரர்கள் நடந்து வரும்போது நன்றாகத் தெரியும். நுழைவு இசை ஒரு துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும், பின்னால் இருக்கும் பெரிய திரையில் வீடியோவுக்குப் பதில் சில படங்கள் மாறி மாறி வரும். வர்ணனை கிடையாது. நாலு பேர் ஒரே நேரத்தில் மோதினால் கேம் மூச்சு வாங்கும், பலர் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வரும் ராயல் ரம்பிள் மேட்ச்சில் இது எரிச்சலாகத்தான் இருக்கிறது. முகங்கள் தட்டையாக, ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். இதெல்லாம் முதல் அரை மணி நேரம் உறுத்தும், அப்புறம் கண்ணுக்குத் தெரியாது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய பெரிய குறை ஒன்று உண்டு. முதலில் வெளியான கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றில் ஒரு பிழை, திடீரென்று சேவ் செய்த எல்லாமே அழிந்துவிடும். பாதி திறந்த கதைகள், கஷ்டப்பட்டு வாங்கிய ஆண்ட்ரே, கட்டி எடுத்த பிக் ஷோ எல்லாம் போய்விடும். வேறு எந்தக் கேமுக்காவது இது சின்ன விஷயமாக இருக்கலாம், தோல்வியைக்கூட நினைவில் வைத்துக் கதை சொல்லும் கேமுக்கு இது நெஞ்சில் விழுந்த அடி. பிழை திருத்திய கார்ட்ரிட்ஜ்கள் பிறகு வந்தன, ஆனால் ஐரோப்பாவில் அப்படித் திருத்தி வந்த பதிப்பில் ரத்தத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எனவே விற்பவரிடம் ஒரு மேட்ச் ஆடி, சேவ் செய்து, ஆஃப் செய்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த நாட்டுப் பதிப்பு என்றும் கேளுங்கள். கண்ட்ரோலரின் நடு ஸ்டிக் தொளதொள என்று ஆடுகிறதா என்றும் பாருங்கள். எனக்கு முதலில் வந்தது அப்படித்தான் இருந்தது, ஃபினிஷர் போடப் போனால் பாதி நேரம் விழவே இல்லை, வேறு ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

வேறு வழியில் வாங்க முடியுமா என்றால், இந்தக் கேமை யாரும் அதிகாரபூர்வமாக மறுவெளியீடு செய்யவில்லை. இத்தனை வீரர்கள், இத்தனை பெயர்கள், இத்தனை இசை, எல்லாவற்றுக்கும் உரிமம் திரும்ப வாங்குவது லேசான காரியம் இல்லை. ஆனால் ரசிகர்கள் விடவில்லை, இன்றைக்கும் புதுப் புது வீரர்களை இதற்குள் நுழைத்து மாற்றுப் பதிப்புகள் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஏஇடபிள்யூ என்ற இன்னொரு ரெஸ்லிங் கம்பெனியின் பெயரில் 2023-இல் வந்த 'ஏஇடபிள்யூ: ஃபைட் ஃபாரெவர்' கேமுக்காக, நோ மெர்சியை இயக்கிய ஹிடெயுகி இவாஷிதாவையே அழைத்து வந்தார்கள். அதையும் ஆடினேன். பிடியில் அந்தப் பழைய கனம் கொஞ்சம் தெரிகிறது, கதை கிளை பிரியும் விதத்தில் இன்னும் இதன் பக்கத்தில் வரவில்லை.

தனியாக மட்டும் ஆடுபவர் என்றால் ஒரு மாதம் நன்றாக ஓடும். வீட்டில் இன்னொருவர் இருந்தால், முடிந்தால் நாலு கண்ட்ரோலரும் இருந்தால், யோசிக்காமல் வாங்கலாம். என் கார்ட்ரிட்ஜில் யூரோப்பியன் பட்டத்தின் கதை மட்டும் இன்னும் நூறைத் தொடவில்லை. எங்கேயோ ஒரு மேட்ச்சை நான் தோற்க வேண்டியிருக்கிறது, எது என்று தெரியவில்லை. அக்கா மகன் ஒரு நோட்டில் கிளைகளைக் கோடு போட்டு எழுதிக்கொண்டு வருகிறான்.