மூளையின் நடுப்பாலம்: அல்ட்ராசவுண்டா, எம்ஆர்ஐயா?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கர்ப்பிணிகள், வயிற்றுக் குழந்தையின் மூளையில் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நடுப்பாலம் (கார்பஸ் கலோசம்) இருக்கிறதா என்று அறிய எந்த ஸ்கேன் நல்லது எனக் கேட்கும்போது, முதலில் வாரக்கணக்கைப் பார்க்க வேண்டும். 12 முதல் 14 வாரத்துக்குள் இந்தப் பாலத்தின் முன்னோடி நரம்பிழைகள் மூளையின் நடுக்கோட்டைக் கடக்கும். கிளியா செல்கள் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்பவை) இரு அரைக்கோளங்களையும் ஒட்டவைத்து வழி அமைக்காவிட்டால் அந்த இழைகள் கடக்காமல் திரும்பி, தத்தம் பக்கத்திலேயே முன்பின்னாக ஓடும் புரோப்ஸ்ட் கட்டுகளாகின்றன. பாலம் முழு வடிவம் பெற ஏறத்தாழ 20 வாரமாகும். 16 வாரத்தில் 'இல்லை' என்று சொல்வது அவசரம்.

அல்ட்ராசவுண்ட்: 18–22 வார ஸ்கேனில் மூளைக்குள் திரவம் நிறைந்த பக்கவறை 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகன்று, கண்ணீர்த்துளி போல் தெரிந்தால் சந்தேகம் வரும். நேரடிச் சான்றுக்கு நடுக்கோட்டு நெடுவெட்டுப் படம் (தலையை முன்பின்னாக நடுவே வெட்டியது போன்ற காட்சி) தேவை. குழந்தையின் தலை கீழே இருந்தால் யோனிவழி ஸ்கேன் தெளிவாகக் காட்டும். பாலத்தின் பின்பகுதி மட்டும் குறைந்திருந்தால் எளிதில் தவறிவிடும்.

எம்ஆர்ஐ: கதிர்வீச்சு இல்லை, காடோலினியம் என்ற சாயமருந்தும் வேண்டாம். குழந்தை அசைந்தால் படம் கலங்கும். மூளையின் மேலடுக்கான புறணியின் மடிப்புக் கோளாறு, இடம் மாறிய நரம்பணுக்கள் ஆகியவற்றைக் காட்டுவதே இதன் பலம். பாலம் மட்டுமே இல்லாத பல குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள், கூடுதல் குறை இருந்தால் நிலைமை வேறு.

முதலில் விரிவான நரம்பியல் அல்ட்ராசவுண்ட், சந்தேகம் உறுதியானால் எம்ஆர்ஐ. மடிப்புகள் தெரியும் 30 வாரத்தையொட்டி மறுபடி எடுப்பது நல்லது.