அடுப்பைக் கூட்டுவதா, துருத்தியைக் கட்டுவதா: போர்ஷே 917-க்குத் தயாரான இரண்டு எஞ்சின்கள்

1970, 71 இரண்டு வருடமும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை போர்ஷே 917 என்ற பந்தயக் கார் வென்றது. 1972 முதல் 3 லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்று உலக சாம்பியன்ஷிப் விதி மாறியதும், அந்த 5 லிட்டர் காருக்கு அங்கே வேலை போய்விட்டது. மிச்சம் இருந்தது வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத் தொடர். அங்கே எஞ்சின் அளவுக்கு உச்சவரம்பே கிடையாது. 8 லிட்டரை ஒட்டிய ஷெவர்லே வி8-ஐ வைத்துக்கொண்டு மெக்லாரன் ஐந்து வருடமாகப் பட்டத்தை யாருக்கும் விடவில்லை. 917-இன் 630 குதிரைத்திறனோடு போய் நின்றால் எடுபடாது.

ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த 917 எஞ்சினில் பக்கத்துக்கு ஆறாக 12 சிலிண்டர்கள் படுத்திருக்கும். மேலே கிடைமட்டமாக ஒரு பெரிய விசிறி. காற்றால் குளிரும் சிலிண்டரை இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது, சூடு வெளியேற வழி வேண்டுமே. அதனால் இரண்டு யோசனைகள்: அதே மாதிரி சிலிண்டர் இன்னும் நான்கு சேர்ப்பது, அல்லது இருக்கிற 12-க்குள் டர்போ என்ற துருத்தியை வைத்துக் காற்றைத் திணிப்பது.

பதினாறு சிலிண்டர்தான் கண்ணியமான வழி. பிஸ்டன், வால்வு எல்லாம் ஏற்கெனவே கைபழகியவை. 6 லிட்டரில் தொடங்கி 7.2 லிட்டர் வரை செய்து பார்த்தார்கள்; 750 குதிரைத்திறனைத் தாண்டியது. ஆக்சிலேட்டரை மிதித்த அந்த நொடியே இழுக்கும். ஆனால் எடை சுமார் 80 கிலோ கூடுதல், நீளமும் அதிகம். எஞ்சினுக்காக காரையே நீட்ட வேண்டியிருந்தது. அப்படியும் மெக்லாரனைக் கொஞ்சம் முந்தலாம், அவ்வளவுதான்.

டர்போவுக்கு அந்த நீளம் தேவையில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ. புகையாக வீணாய்ப் போகிற சக்தியே துருத்தியை ஊதும். சிக்கல் சூடு. அமுக்கிய காற்று சூடாகித்தான் உள்ளே வரும், வெளியே குளிர்விக்க இருப்பதோ அதே விசிறிக் காற்று. அதனால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதத்தை, 6.5 வரை இறக்கினார்கள். அதைவிடப் பெரிய தலைவலி ஓட்டுவது. வளைவில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். காரை ஓட்டிய மார்க் டொனஹ்யூ இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, வாலென்டின் ஷேஃபரும் மற்ற எஞ்சினியர்களும் பாதி ஆக்சிலேட்டரில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சரிசெய்தார்கள். என்னைக் கேட்டால், டர்போவைப் பொருத்தியதைவிட இந்த வேலைதான் பெரிய சாதனை.

பலன் தெரிந்ததே. 1972-இல் டொனஹ்யூ சோதனை ஓட்டத்தில் விபத்தில் காயப்பட, அவர் இடத்தில் ஓட்டிய ஜார்ஜ் ஃபால்மர் கேன்-ஆம் பட்டம் வென்றார். 1973-இல் 5.4 லிட்டர், 1100 குதிரைத்திறன் கொண்ட 917/30-இல் டொனஹ்யூ எட்டில் ஆறு பந்தயம் வென்றார். பதினாறு சிலிண்டர் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. எனக்கு இன்னும் அதன்மேல் ஒரு இரக்கம் உண்டு, ஆனால் முடிவு சரிதான்.

துருத்திக்கும் எல்லை இருந்தது. 1975-இல் அமெரிக்காவின் டல்லடேகா ஓவல் பாதையில் டொனஹ்யூ 917/30-ஐ மணிக்கு சுமார் 356 கி.மீ. வேகத்தில் ஓட்டி, சுற்றுப்பாதை வேகத்தில் உலக சாதனை படைத்தார். தொடர்ந்து முழு வேகத்தில் போனால் பிஸ்டன் தாங்காது என்று, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்க அந்த ஓட்டத்துக்கு இன்டர்கூலர் வைக்க வேண்டிவந்தது.