கொடைக்கானலில் பெண்களுக்கான ட்ராமா ரிட்ரீட்: தேர்ந்தெடுத்த விதமும் போய் வந்த அனுபவமும்

பெண்களுக்கான ட்ராமா ரிட்ரீட், அதாவது மனக்காயத்திலிருந்து மீள உதவும் சில நாள் தங்கும் முகாம், என்று தேடினால் ரிஷிகேஷ், கோவா, வர்கலா, ஆரோவில், கொடைக்கானல் என்று வரிசையாக வந்து விழுகிறது. எல்லா விளம்பரத்திலும் கிட்டத்தட்ட ஒரே படம்தான்: வெள்ளை உடை, பச்சைப் புல்வெளி, கண் மூடி உட்கார்ந்திருக்கும் பெண்கள். அங்கே என்ன செய்வார்கள், செய்பவருக்கு என்ன படிப்பு, நடுவில் நமக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்காது. நான் போனது கொடைக்கானல் மலையில் நடக்கும் ஒரு சிறிய முகாம். குறைகளையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை. அதோடு, இந்த மாதிரி இடங்களில் நடத்துபவர் மாறினால் எல்லாமே மாறிவிடும். பெயரைவிட, எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

எனக்கு நடந்தது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. திருமண வாழ்க்கையில் நடந்தது, பல வருடம் நீடித்தது, அவ்வளவு போதும். மதுரையில் ஒரு உளவியலாளரிடம் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை (பழைய நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்களை இடமும் வலமும் அசைக்கச் செய்யும் முறை) எடுத்து வருகிறேன். கெட்ட கனவுகள் பெரும்பாலும் போய்விட்டன. நடந்ததைப் பற்றி அழாமல் பேசவும் முடிகிறது. ஆனால் உடம்புக்கு மட்டும் இன்னும் விஷயம் எட்டவில்லை. காலிங் பெல் அடித்தால் தோள்பட்டை இரண்டும் காது வரை ஏறிக்கொள்ளும். பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்ந்தால் மூச்சு நின்றுவிடும். என் உளவியலாளர்தான், "உடம்போடு வேலை செய்யும் யாரிடமாவது கொஞ்ச நாள் போய்ப் பாருங்கம்மா, ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க" என்றார்.

பணம் கட்டும் முன் படித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. மனக்காயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை ஈ.எம்.டி.ஆரும், மனக்காயத்தை மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) வகைப் பேச்சு சிகிச்சையும்தான். உடல்வழி முறைகளுக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கொல்க் குழுவினர் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எந்தச் சிகிச்சைக்கும் சரியாகப் பிடிகொடுக்காத பி.டி.எஸ்.டி. (மனக்காயத்துக்குப் பின் நீடிக்கும் மன அழுத்தக் கோளாறு) உள்ள 64 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 வாரம் மனக்காயத்துக்கு ஏற்ப மாற்றிய யோகா சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பெண்கள் உடல்நல வகுப்பு. சிலர் நடுவில் விலகியது போக, முடிவில் யோகா செய்த 31 பேரில் 16 பேர் பி.டி.எஸ்.டி. அளவுகோலுக்குள் வரவில்லை. மற்ற குழுவில் 29 பேரில் 6 பேர்தான். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அது வாரா வாரம் நடந்தது, ஏற்கனவே எடுத்துவந்த சிகிச்சையோடு சேர்த்து நடந்தது. ஆகவே ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடலாம் என்று சொல்பவர்களை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

ஒதுக்கியவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சிதான் முக்கியம் என்று சொன்ன ஒரு இடம். மேளச் சத்தத்தோடு ஒரு மணி நேரம் வேகவேகமாக மூச்சு விட வேண்டுமாம். "அழுகை வரும், கத்துவாங்க, அதுதான் ரிலீஸ்" என்றார் போனில் பேசிய பெண். அவ்வளவு நேரம் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மடங்கி இழுக்கலாம், தலை சுற்றலாம், யாருக்கானாலும். வலிப்பு உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பெண் என் உடல்நிலை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூகுள் பே எண்ணை மட்டும் அனுப்பினார். தோழி ஒருத்தி விபாசனாவுக்குப் போகச் சொன்னாள். நல்ல தியான முறை, கட்டணமும் கிடையாது. ஆனால் அது மருத்துவ, மனநல சிகிச்சைக்கு மாற்று இல்லை என்று அவர்களே விதிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேசாமல், கண்ணை மூடி, ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்காருவது இப்போதைய என் நிலைமைக்குச் சரிவராது.

கொடைக்கானல் முகாமுக்கு போன் செய்தபோது நான் ஐந்து கேள்வி கேட்டால் அவர்கள் பதினைந்து கேட்டார்கள். அதுவே எனக்குப் பிடித்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வலிப்பு உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து எவ்வளவு நாளாகிறது, ஊரில் உங்களைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டரோ உளவியலாளரோ உண்டா, ராத்திரி முடியாமல் போனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லவே இல்லை. "அது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை மேடம், உங்க உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார் நடத்துபவர்.

என் கேள்விகளுக்கும் நேரடியாகப் பதில் வந்தது. நடத்துபவர் பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாடிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற, உடம்பின் உணர்வுகளைக் கவனித்து மனக்காயத்தைக் கையாளும் முறையில் மூன்று வருடப் பயிற்சி முடித்தவர். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். கூட இருப்பவர் கிளினிகல் சைக்காலஜிஸ்ட், இவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டதும் சலித்துக்கொள்ளாமல் கொடுத்தார். 'சர்டிஃபைட் ஹீலர்' என்று மட்டும் போட்டுக்கொள்பவர்களிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும். பெண்களுக்கு மட்டும் என்றால் எந்த அளவுக்கு என்று கேட்டேன். சமையல்காரரும் இரவுக் காவலாளியும் ஆண்கள், பயிற்சி நடக்கும் ஹால் பக்கமும் அறைகள் பக்கமும் வரமாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். முதல் நாள் முடிவதற்குள் கிளம்பிவிட்டால் சாப்பாடு, அறை வாடகை போக மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் தங்கும் அறைக்கு 24,000 ரூபாய். எனக்குப் பெரிய தொகைதான், சேர்த்து வைத்துத்தான் போனேன்.

வியாழன் மதியம் வத்தலக்குண்டிலிருந்து அரசு பஸ் பிடித்தேன். சொந்த வண்டியில் போவதென்றால் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், பஸ்ஸில் போனால் தேவையில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. மலைப்பூண்டு ரசமும் பீன்ஸ் பொரியலும் தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

முதல் வகுப்பில் யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை. ஹாலில் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்யலாம். நான் கதவை ஒட்டி, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன். கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்க்கச் சொன்னார் நடத்துபவர். கதவு எங்கே இருக்கிறது, ஜன்னல் எத்தனை, எந்த இடத்தில் பார்வை தானாக நிற்கிறது என்று பார்த்தால் போதும். என் கண் ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டிருந்த ஆரஞ்சு நிறத் துண்டின் மேல் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது, அப்புறம் இன்னொன்று. தோள் இறங்கியிருந்தது. நான் எதையும் இறக்கவில்லை, தானாக இறங்கியது. வேலை முழுக்க இப்படித்தான் நடந்தது. வலியுள்ள இடத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டு உடனே வலி இல்லாத இடத்துக்கு, உள்ளங்காலுக்கோ உள்ளங்கைக்கோ, கவனத்தைக் கொண்டுவர வேண்டும். சூடான காபியை வாய் வைத்து வாய் வைத்துக் குடிப்பதுபோல, ஒரு நேரத்தில் கொஞ்சமாக. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

ஒவ்வொருவர் பாய்த் தலைமாட்டிலும் ஒரு அட்டை. ஒரு பக்கம் பச்சை, தொடலாம். மறுபக்கம் சிவப்பு, வேண்டாம். முதலில் எல்லாருடைய அட்டையும் சிவப்பாகத்தான் இருந்தது, அவர்களே அப்படித்தான் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் பச்சையாகத் திருப்பினேன். அப்போதும் நடத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தோள்பட்டைக்குக் கீழே கை வைக்கலாமா, இல்ல இப்படியே உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். அழுத்தவில்லை, தாங்கிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. அட்டையைத் திருப்பக் கையை நீட்டினேன். நான் அதைத் தொடுவதற்கு முன்பே அவர் கை விலகிவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை, பரவாயில்லை என்று சமாதானமும் சொல்லவில்லை. எழுந்துபோய் அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்றால் கை விலகும் என்பதை என் உடம்பு பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. கட்டிய பணத்துக்கு அந்த ஒரு சாயங்காலம் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். குளிர். நவம்பரில் கொடைக்கானல் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்தும் ஹாலில் ஹீட்டர் இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு கம்பளிதான். இது வசதிக் குறைவு மட்டும் இல்லை. உள்ளே இறுகிப் போனது இளகும்போது சிலருக்கு உடம்பு லேசாக நடுங்கும், அது இந்த முறையில் எதிர்பார்ப்பதுதான். குளிரில் நடுங்கும்போது எது எந்த நடுக்கம் என்று எப்படித் தெரியும்? பக்கத்துப் பாயிலிருந்த அக்கா இதையே கேட்டார், சரியான பதில் வரவில்லை. எங்கள் அறைக் குளியலறையில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. வேறு எந்த விடுதியிலும் இது சின்ன விஷயம், இங்கே இல்லை. சொன்ன மறுநாள்தான் சரிசெய்தார்கள். ஞாயிறு இரவு வட்டமாக உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியில் ஒருவர் தனக்கு நடந்ததை விவரமாகச் சொல்லத் தொடங்கினார். நிறுத்துவதற்கு நடத்துபவர் தயங்கியதில் நேரம் போனது, இரண்டு பேர் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. கேட்கிறவர்களையும் பாதுகாக்க வேண்டும். நரம்பு மண்டலத்தைப் பற்றிய பாடத்தில் வேகஸ் நரம்புப் படத்தைக் காட்டி (மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகும் நரம்பு அது) பாலிவேகல் கோட்பாட்டை முடிந்த முடிவு போலப் பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோட்பாட்டின் மேல் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

திங்கட்கிழமை கிளம்பியவுடன் மலை இறங்கியதும் சரியில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி, வீடு வந்து சேர்ந்ததும் சமையல், மறுநாள் வேலை. அந்த வாரம் தூக்கம் கெட்டது. முகாம் முடிந்தபின் வீடியோவில் தனியாகப் பேசும் நேரம் கட்டணத்திலேயே அடங்கும். அதுவும், என் உளவியலாளரிடம் முன்பே நேரம் வாங்கி வைத்திருந்ததும் கைகொடுத்தன. இப்போது காலிங் பெல் அடித்தால் தோள் ஏறுகிறது, ஆனால் இறங்கவும் செய்கிறது. பல் டாக்டரிடம் நாற்காலியைச் சாய்க்கும் முன் சொல்லச் சொன்னேன், சொன்னார். பாதி வேலை முடிந்திருக்கிறது.

இன்னும் அதே வீட்டில், அதே ஆளோடு ஆபத்தில் இருப்பவர்களுக்கு இந்த முகாம் அல்ல முதல் தேவை. 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். ராத்திரி தாங்க முடியாமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம், இலவசம். தொடர்ந்து பார்க்கும் ஒரு ஆள் ஊரில் இல்லாதவர்கள் முதலில் அதை ஏற்படுத்திக்கொண்டு போவது நல்லது. முகாமுக்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னால், சொல்பவர் யாரானாலும், அந்த இடம் வேண்டாம்.

என் சித்தி பெண் பிப்ரவரி முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துக்கொள், திங்கள் ராத்திரி வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ தங்கிவிட்டு மறுநாள் வா, செவ்வாய்க்கும் சேர்த்து லீவு போடு என்று சொல்லியிருக்கிறேன். ஹீட்டர் வாங்கிவிட்டார்களா என்று அவளே போன் செய்து கேட்டாள். ஜனவரிக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.