ஆண்கள் ஐக்கியம்: ஆலய மண்டபமா, வீட்டுத் திண்ணையா?

சேலத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆண்கள் ஐக்கியம், அதாவது ஆண்கள் கூடி ஜெபிக்கும் குழு, ஓய்ந்துபோய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் ஐக்கியமோ வாரம் தவறாமல் கூடுகிறது. ஆண்களை மீண்டும் சேர்க்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, பழைய வழி. மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆலய மண்டபத்தில் பாடல், தேவ செய்தி, ஜெபம், தேநீர். நடத்துவது எளிது, ஆயரும் உடனிருப்பார். ஆனால் உருக்காலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களால் எல்லா மாதமும் வர முடியாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குப் பண்டிகை நெருங்கினால் ஞாயிறும் வேலை நாள்தான்.

மற்றொன்று, பகுதிவாரியாக ஐந்தாறு பேர் ஒருவர் வீட்டில், தங்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் கூடுவது. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஏற்காட்டுச் சகோதரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரவேண்டியதில்லை, மலையிலேயே கூடலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் அண்ணன் ஒருவர் கந்துவட்டிக் கடனை மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒன்றரை ஆண்டு சுமந்தார். மண்டபத்தில் எத்தனையோ முறை பின்வரிசையில் அமர்ந்து எழுந்து போனவர், நான்கு பேர் இருந்த ஒரு திண்ணையில்தான் வாய் திறந்தார், அழுதார். அன்றே இருவர் அவருடன் கடன்காரரிடம் பேசப் போனார்கள்.

திண்ணையில் சொன்னது தெருவுக்குப் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. நாவடக்கம் உள்ளவரே குழுவை நடத்த வேண்டும். இதில் சமரசம் கூடாது.

என் வாக்கு திண்ணைக்கே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் மண்டபத்தில் கூடினால் போதும். அஸ்தம்பட்டியில் முதல் குழுவுக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.